மலைத் தோட்டத்துக்கு எந்த டெய்சியை விதைப்பது?

விதைப் பொட்டலத்தின் பின்புறத்தில் "குளிர் தாங்கும் பல்லாண்டுச் செடி" என்று போட்டிருப்பது இங்கிலாந்துத் தோட்டக்காரருக்குச் சொன்ன உறுதிமொழி. மாதக்கணக்கில் மண் உறைந்து கிடந்தாலும் வேர் பிழைத்துக்கொள்ளும் என்பதே அதன் பொருள். நம் மலைகளில் அந்த உறுதிமொழிக்கு அதிக வேலை இல்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தலைகுந்தாவிலும் உதகை குதிரைப் பந்தய மைதானத்திலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படியும். வெயில் ஏறியதும் உருகிவிடும். டெய்சிக்கு இந்தக் குளிர் ஒரு பொருட்டே அல்ல.

இங்கே செடியைக் கொல்வது மழை. தூரில் ஈரம் தேங்கி, குருத்து அடியில் கறுத்து, கையால் தொட்டால் கழன்று வரும். செடி உயிரோடு இருந்தும் பூக்க விடாமல் செய்கிற இன்னொரு காரணமும் உண்டு: பகலின் நீளம். வெளிநாட்டு விதை வாங்கி ஏமாறுகிறவர்களில் பலர் இந்த இரண்டாவது காரணத்தை அறியாமல் உரத்தையும் மண்ணையும் குறை சொல்கிறார்கள்.

ஜூன் மாதத்தில் லண்டனில் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல் நீளும். உதகை 11.4 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலே 12 மணி 45 நிமிடத்தை ஒட்டித்தான். கொடைக்கானலில் அதைவிடச் சில நிமிடம் குறைவு. டெய்சி வகைகளில் பெரும்பாலானவை நீள்பகல் செடிகள். பகல் நீள்வதை உணர்ந்தால்தான் இலைக்கொத்திலிருந்து பூத்தண்டு எழும்பும். ஆகவே இங்கே ஒரு டெய்சியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. நம் மழையைத் தூர் தாங்குமா? நம் பகலில் பூக்குமா? கீழே உள்ள ஒப்பீடு முழுக்க இந்த இரண்டு கேள்விகளின் மேல்தான் நிற்கிறது.

சாஸ்தா டெய்சி

வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாக, டெய்சி என்றதும் கண்முன் வருகிற பூ இதுதான். கலிபோர்னியாவின் சாந்தா ரோசாவில் லூதர் பர்பாங்க் பல ஆண்டுகள் ஐரோப்பிய வகைகளையும் ஒரு ஜப்பானிய வகையையும் கலந்து உருவாக்கி, 1901இல் வெளியிட்ட கலப்பினம். பனி மூடிய சாஸ்தா மலையின் பெயரை அதற்கு வைத்தார். நிலத்தோடு ஒட்டிய கரும்பச்சை இலைக்கொத்து, அதிலிருந்து நிமிர்ந்த தண்டு, தண்டுக்கு ஒரு பூ. வெட்டிக் குவளையில் வைத்தால் ஒரு வாரத்துக்குக் குறையாமல் நிற்கும்.

இதிலேயே மூன்று பெயர்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "அலாஸ்கா" என்பது பழைய, விதையிலிருந்து ஏறத்தாழ ஒரே மாதிரி வரும் வகை; 60 முதல் 75 செ.மீ. உயரம், 7 செ.மீ.க்கு மேல் அகலமான பூ. "ஸ்னோ லேடி" எஃப் 1, அதாவது முதல் தலைமுறைக் கலப்பினம். 25 முதல் 30 செ.மீ. உயரம்தான், விதைத்த ஆண்டிலேயே பூக்கும். "பெக்கி" என்ற பெயரில் யாராவது விதை விற்றால் வாங்க வேண்டாம். அது தூர் பிரித்து மட்டுமே பெருக்கப்படும் வகை. விதையிலிருந்து பெக்கி வராது.

அலாஸ்காவுக்கும் ஸ்னோ லேடிக்கும் உள்ள உண்மையான வேறுபாடு உயரம் அல்ல. சாஸ்தா நீள்பகல் செடி. ஆனால் சில வாரங்கள் நல்ல குளிர் பட்டுவிட்டால் அதற்கு வேண்டிய பகல் நீளம் குறைந்துவிடும். உதகையின் டிசம்பர், ஜனவரி இரவுகள் அந்தக் குளிரைத் தருகின்றன. ஆனால் குளிரை உணர, செடி அதற்குள் வளர்ந்திருக்க வேண்டும். நான்கு இலை நாற்றுக்குக் குளிர் பட்டுப் பயனில்லை. எட்டு, பத்து இலையும் கையளவு கொத்தும் வேண்டும். அதனால் அலாஸ்காவை ஆகஸ்ட் கடைசியில், தவறினால் செப்டம்பர் முதல் வாரத்தில் விதைத்துவிட வேண்டும். பிப்ரவரியில் விதைத்தால் அந்த ஆண்டு முழுக்க வெறும் இலையோடு நிற்கும். அடுத்த குளிர் முடிந்த பிறகே பூ. இதைச் செடியின் மலட்டுத்தனம் என்று நினைத்துப் பிடுங்கி எறிகிறவர்கள் உண்டு. பிடுங்க வேண்டாம், ஒரு குளிர்காலம் பொறுங்கள்.

ஸ்னோ லேடி அவ்வளவு கண்டிப்பானது அல்ல. குளிர் படாமலும் பூக்கும். பகல் நீளும் மாதங்களில் பூ கூடும். ஆகவே குளிர் குறைவான குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இதுவே பொருத்தம். ஜனவரி கடைசியில் விதைத்தாலும் மே, ஜூனில் பூ பார்க்கலாம். ஒரே குறை, இதன் பூவிலிருந்து எடுத்த விதை தாயைப் போல வராது. உயரமும் பூவளவும் சிதறும். அலாஸ்காவில் அந்தக் கவலை இல்லை.

நாற்று விடுவது

விதைப்புக் கலவைக்குத் தென்னை நார்க்கழிவு 2 பங்கு, சலித்த மண்புழு உரம் 1 பங்கு, ஆற்றுமணல் அல்லது பெர்லைட் 1 பங்கு. நார்க்கழிவைக் குறைந்தது மூன்று தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும். அதிலுள்ள உப்பு முளைவேரின் நுனியைக் கருக்கும். ஆற்றுமணல் கிடைக்காமல் எம்-சாண்ட் போட்டால், அதன் மாவுத்தூள் காய்ந்து கலவையைச் சிமெண்டுத் தரை மாதிரி இறுக்கிவிடும். மாவு போகக் கழுவிச் சலித்த பிறகே போடலாம். ஷோலாக் காட்டு மண்ணை அள்ளி வரும் பழக்கத்தை விட்டுவிடலாம். காட்டுக்கும் கேடு, களை விதையும் பூஞ்சையும் வீட்டுக்கு வந்து சேரும்.

ஒரு கிலோ கலவைக்கு, அழுகல் நோயைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைகோடெர்மா விரிடி 5 கிராம் கலந்து, கைப்பிடி ஈரத்தில் இரண்டு நாள் மூடி வைத்துப் பிறகு 98 குழித்தட்டில் நிரப்புங்கள். குழிக்கு 2 விதை. டெய்சி விதைக்கு வெளிச்சம் முளைப்பைத் தூண்டும். மண்ணில் புதைக்கக் கூடாது. மேலே தூவி விரலால் மெல்ல அழுத்தி, விதை பாதி தெரியும்படி மணலை இலேசாகத் தூவினால் போதும். 15 முதல் 21 டிகிரி வெப்பத்தில் 10 நாளில் தொடங்கி மூன்று வாரத்துக்குள் முளைத்து முடியும். உதகையின் ஆகஸ்ட் இரவுகளுக்கு அதைவிடக் குளிர்ச்சி உண்டு என்பதால், தட்டைச் சமையலறை ஜன்னல் ஓரத்திலோ பாலித்தீன் கூரையின் கீழோ வைத்தால் சீராக வரும்.

தண்ணீர் மேலிருந்து ஊற்ற வேண்டாம். இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்கும் தாம்பாளத்தில் தட்டைப் பத்து நிமிடம் வைத்து எடுத்தால் கீழிருந்து உறிஞ்சிக்கொள்ளும். மழைமாதத்தில் நாற்றுகள் மண்மட்டத்தில் நூலாக இளைத்து, ஒரே இரவில் வட்டமாகச் சாய்ந்து கிடந்தால் அது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா ஆகிய பூஞ்சைகளின் வேலை. நெருக்கமும் காற்றோட்டமின்மையும் ஈரமும் சேர்ந்து அழைத்து வருவது. சாய்ந்த நாற்று பிழைக்காது. அந்தப் பகுதியைக் கலவையோடு தோண்டி எறிந்து, மூடியைத் திறந்து, மேல்பரப்பு காயும்வரை தண்ணீரை நிறுத்தினால் மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

இரண்டு உண்மையிலை வந்ததும் குழிக்கு ஒன்றாகக் கலைத்துவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேர் ஆடும். கத்தரியால் நறுக்குவதே நல்லது. பிறகு வாரம் ஒருமுறை, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 கரையும் உரத்தை லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கலந்து கொடுங்கள். விதைத்த ஆறு, ஏழு வாரத்தில் நடவுக்குத் தயார்.

நடவும் தூரும்

மலை மண் பெரும்பாலும் புளிப்பு மண். தேயிலைக்கு அது நல்லது. டெய்சிக்குக் கார அமில நிலை 6க்கும் 7க்கும் இடையே இருக்க வேண்டும். தேயிலை நின்ற இடத்தில் பூப்பாத்தி எடுப்பவர்கள் நடவுக்கு ஒரு மாதம் முன்பே சதுர மீட்டருக்கு 200 கிராம் டோலமைட் தூவிக் கொத்திவிட வேண்டும். மண்ணைப் பரிசோதித்துப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைப்பது இன்னும் சரி.

பாத்தியை 20 முதல் 25 செ.மீ. உயர்த்துங்கள். உதகைக்கு மேற்கே தென்மேற்குப் பருவமழையின் வேகத்துக்கு ஒரு சான்று போதும்: 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. அது அபூர்வம்தான், ஆனால் நாள்தோறும் விடாமல் தூறும் ஜூலைதான் செடிக்கு அதைவிடப் பெரிய சோதனை. மேட்டுப்பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே எடுத்து, ஒரு முனைக்குச் சற்றே தாழ்த்திவிட்டால் மண்ணும் அரிக்காது, நீரும் நிற்காது.

நடும்போது குருத்து அடி மண்மட்டத்துக்குச் சரியாக, ஒரு நூல் மேலேயே இருக்கட்டும். ஆழ நட்டால் செடி உறுதியாக நிற்கும் என்பது தக்காளிக்குப் பொருந்தும். டெய்சிக்கு அதுவே தூர் அழுகலுக்கு வழி. மூடாக்கு போட்டாலும் தூரைச் சுற்றி நான்கு விரல் இடம் வெறுமையாக விடுங்கள். அலாஸ்காவுக்கு இடைவெளி 45 செ.மீ., ஸ்னோ லேடிக்கு 25 முதல் 30. தொழுவுரம் சதுர மீட்டருக்கு 3 கிலோ போதும். கோழி எருவை அள்ளிப் போட்டால் தண்டு இளசாக வளர்ந்து, முதல் கனமழையில் பாத்தி முழுக்கப் படுத்துவிடும். இலையிடுக்கில் அசுவினியும் குடியேறும்.

நத்தைக்கு டெய்சி இலை விருந்து. மாலையில் முட்டைக்கோஸ் வெளி இலைகளைப் பாத்தியில் கவிழ்த்து வைத்தால், காலையில் அதன் அடியில் ஒட்டியிருக்கும் நத்தைகளைப் பொறுக்கிவிடலாம். நடவு முடிந்த முதல் மூன்று வாரம் இதை விடாமல் செய்தால் போதும். இலை தடித்த பிறகு சேதம் குறையும்.

பூத்து முடிந்த தண்டை அடிவரை வெட்டுங்கள். பாதியில் வெட்டினால் மிச்சத்தண்டு மழைநீரைக் குடித்து அழுகி, அந்த அழுகல் தூருக்கு இறங்கும். இரண்டு, மூன்று ஆண்டில் கொத்தின் நடுப்பகுதி செத்து வெறுமையாகும். அது நோயல்ல, சாஸ்தாவின் இயல்பு. செப்டம்பர் மழை ஓய்ந்த இடைவெளியில் தோண்டி, ஓரத்து இளங்கன்றுகளை வேரோடு பிரித்து வேறிடத்தில் நட்டு, நடுவை எறிந்துவிடலாம்.

பெல்லிஸ் என்னும் குட்டி டெய்சி

இங்கிலாந்துப் புல்தரைகளில் தானாக முளைக்கும் சிறிய டெய்சியின் தோட்ட வடிவம் இது. 12 முதல் 20 செ.மீ. உயரம், வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு நிறங்களில் அடுக்குப் பூ. பகல் நீளத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாத, குளிர்ச்சியை விரும்பும் செடி என்பதால், மேலே சொன்ன இரண்டாவது கேள்வியில் இது சாஸ்தாவையே முந்துகிறது. குளிர் மாதங்களிலும் கோடையிலும் பூ. உதகையின் மலர்க் காட்சி மே மாதத்தில். வீட்டு முற்றத்தையும் அதே மாதத்துக்கு அலங்கரிக்க நினைப்பவர்கள் செப்டம்பரில் விதைத்தால் தாராளமாக நேரம் இருக்கிறது.

விதை தூசு போல இருக்கும். காய்ந்த நுண்மணலோடு கலந்து தூவி, மூடாமல் விட வேண்டும். அதன்மேல் மணல் தூவினாலே பலதும் முளைக்காது. முளைப்பு 10 முதல் 14 நாள். இடைவெளி 15 செ.மீ. பல்லாண்டுச் செடி என்றாலும் இரண்டாம் ஆண்டில் பூ சிறுத்து, அடுக்கு குலைந்து போகும். ஆண்டுதோறும் விதைப்பதே நல்லது. மழை தாங்கும் திறன் நடுத்தரம். அடுக்கு இதழ்கள் தண்ணீரைப் பிடித்துப் பழுப்பாகும். தொட்டியில் வைத்து ஜூனில் தாழ்வாரத்துக்கு நகர்த்த முடிந்தவர்களுக்கு மிகவும் ஏற்றது. 1500 மீட்டருக்குக் கீழே இதை முயல வேண்டாம், கோடையில் வாடிவிடும்.

கெய்லார்டியாவும் கோரியோப்சிஸும்

கெய்லார்டியாவின் ஓராண்டு வகை தமிழ்நாட்டின் சமவெளியிலும் பூக்கிறது. பல்லாண்டு வகை அதன் கலப்பில் வந்தது. விதைத்த ஆண்டிலேயே பூக்கும் "அரிசோனா சன்", புதிய விதை வகைகளைச் சோதித்துப் பரிசளிக்கும் ஆல்-அமெரிக்கா செலக்ஷன்ஸ் அமைப்பின் விருதை 2005இல் பெற்றது. 25 முதல் 30 செ.மீ. உயரம், சிவப்பில் மஞ்சள் விளிம்பு. ஏழை மண், கல் மண், முழு வெயில் இவையே இதற்கு வேண்டும். வளமான மண்ணில் இலை மண்டி மல்லாந்துவிடும். ஈரத்தில் மட்டும் இதைப் போலச் சட்டென்று சாகிற டெய்சி வேறில்லை. கோத்தகிரியின் கிழக்குச் சரிவு, பழனி மலையில் தாண்டிக்குடி போன்ற காப்பி மட்டத்து ஊர்கள், இங்கெல்லாம் கல்கட்டின் மேல்விளிம்பில் நட்டால் நன்றாக வரும். கூடலூர், பந்தலூர், உதகையின் மேற்குப் பக்கம் உள்ளவர்கள் விதைக்குச் செலவழிக்க வேண்டாம். விதைக்க ஜனவரி, பிப்ரவரி. 20 டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்தால் 7 முதல் 14 நாளில் முளைக்கும். ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டு.

கோரியோப்சிஸில் "ஏர்லி சன்ரைஸ்" வகைக்கு 1989இல் அதே அமைப்பின் தங்கப் பதக்கம் கிடைத்தது. மஞ்சள் அரை அடுக்குப் பூ, 45 செ.மீ. ஈரத்தைக் கெய்லார்டியாவைவிடப் பொறுக்கும். ஆனால் நீள்பகல் செடி. பொட்டலத்துப் படத்தில் உள்ள பூக்குவியலை இங்கே எதிர்பார்க்கக் கூடாது.

விதைக்க வேண்டாதவை

மஞ்சள் இதழும் கருநிற நடுவும் கொண்ட "கோல்ட்ஸ்டர்ம்" ரட்பெக்கியாவின் படத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். 1999இல் அமெரிக்காவில் ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடியாகத் தேர்வானது. ஆனால் அது பூக்கக் குளிர் பட்ட பிறகும் 13 மணிநேரப் பகல் வேண்டும். குளிர் படாவிட்டால் 14. நம் ஜூன் பகலோ 12 மணி 45 நிமிடம். முளைப்பும் எளிதல்ல, ஈரமணலில் கலந்து குளிர்பதனப் பெட்டியில் மூன்று, நான்கு வாரம் வைத்து விதைக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டும் கிடைப்பது பச்சை இலைதான். எப்படியும் வேண்டும் என்றால், குளிர் முடிந்ததும் இரவு 10 முதல் 2 மணி வரை செடிக்குமேல் ஓர் எல்.ஈ.டி. விளக்கைப் பல வாரம் எரியவிட வேண்டும். இரவை நடுவில் உடைத்தால் செடி அதை நீண்ட பகலாகவே கணக்கிடும். கொய்மலர்ச் சாமந்தி வளர்ப்பவர்கள் பூப்பைத் தள்ளிப்போடச் செய்வதும் இதே விளக்குத்தான். சாமந்தி குறும்பகல் செடி என்பதால் அங்கே விளைவு தலைகீழ்.

உதகை, குன்னூர், கொடைக்கானல் கல்கட்டுகளில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகத் தொங்கும் சிறிய டெய்சி மெக்சிகோவைச் சேர்ந்தது. எரிஜெரான் என்பது அதன் இனப்பெயர். மழையையும் குளிரையும் பகல் நீளத்தையும் எளிதாகக் கடந்து ஆண்டு முழுக்கப் பூக்கும். நம் இரண்டு கேள்விகளுக்கும் இதைவிட நல்ல விடை இல்லை. ஆனாலும் விதை வாங்கித் தூவ வேண்டாம் என்றே சொல்வேன். காற்றில் பறக்கும் விதையால் அது தானாகவே ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஹவாய், ரீயூனியன் தீவுகளில் தொல்லைக் களையாகவே மாறியிருக்கிறது. சுவரில் ஏற்கெனவே இருந்தால் இருக்கட்டும், விதை முற்றும் முன் கத்தரித்துவிடுங்கள். புல்வெளிக்கோ ஷோலாவுக்கோ அருகில் வீடு என்றால் அதுவும் வேண்டாம்.

"காட்டுப்பூக் கலவை" என்று வரும் பொட்டலங்களிலும் ஒரு கண் வேண்டும். அவற்றில் ஆக்ஸ்ஐ டெய்சி என்னும் காட்டு வெள்ளை டெய்சி இருக்கக்கூடும். சாஸ்தாவின் முன்னோர்களில் அதுவும் ஒன்று. பூ 5 செ.மீ.க்குள், அடியிலை கரண்டி வடிவில் பல் வெட்டோடு இருக்கும். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை விடும். காஷ்மீரில் அது களையாகப் பரவியிருக்கிறது. சாஸ்தாவின் இலை தடித்து ஈட்டிபோல் நீண்டிருக்கும், பூவும் பெரிது. அந்த வேறுபாட்டை நாற்றங்காலிலேயே பார்த்துப் பிரித்துவிடலாம்.

ஊர் பார்த்து முடிவு

உதகையிலும் கொடைக்கானலிலும் 2000 மீட்டருக்கு மேல் தோட்டம் உள்ளவர்களுக்கு என் முதல் தேர்வு அலாஸ்கா, ஆகஸ்ட் கடைசி விதைப்பு. கொடைக்கானலில் மட்டும் அக்டோபர், நவம்பர் வடகிழக்கு மழை வலுத்துப் பெய்யும் என்பதால் நாற்றை 10 செ.மீ. தொட்டிக்கு மாற்றிக் கூரையின் கீழ் வளர்த்து, டிசம்பர் நடுவில் நிலத்துக்கு இறக்குவது பாதுகாப்பு. தொட்டியில் இருந்தாலும் அதற்குக் குளிர் பட வேண்டும்; வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம். குன்னூர், கோத்தகிரியில் ஸ்னோ லேடி, ஜனவரி விதைப்பு. வெயில் நன்றாக விழும் வறண்ட சரிவாக இருந்தால் பக்கத்தில் கெய்லார்டியா. இடம் கொஞ்சம், தொட்டி மட்டுமே என்பவர்களுக்கு எந்த உயர ஊரிலும் பெல்லிஸ். காட்டுமாடு வழக்கமாக வந்துபோகும் தோட்டத்தில் உயர்ந்த பாத்தியை வேலிக்கு உள்பக்கமாக எடுங்கள். அது மேயாவிட்டாலும் ஒரு நடை நடந்தால் மேட்டுப்பாத்தியின் வடிகால் போய்விடும்.

விதையை ஒரே தடவையில் தீர்க்க வேண்டியதில்லை. மீதியைக் காகித உறையில் மடித்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுகிய டப்பாவில் வைத்துக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் இரண்டு, மூன்று ஆண்டு முளைப்புத்திறன் நிற்கும். அலமாரியில் விட்டால் ஒரு பருவமழையின் ஈரமே அதைக் கெடுத்துவிடும். பழைய விதையை விதைக்கும் முன் 20 விதையை நனைந்த துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். இரண்டு வாரத்தில் 12க்குமேல் முளைத்தால் வழக்கம்போலக் குழிக்கு இரண்டு. அதற்குக் கீழே போனால் நான்காகப் போடுங்கள். ஐந்துக்கும் குறைந்தால் புது விதை வாங்குங்கள்.